‘கவலை வேண்டாம்’ என்ற பொத்தானோடு கான்சாபுரம் வரை

ஈப்போவிலிருந்து கிளம்பும்போது என் கைப்பையில் நாற்பது கரி மாத்திரைகள் இருந்தன. வயிறு கெட்டால் மலேசியர்கள் முதலில் தேடும் மருந்து அது. ஆறு நாள் பயணத்துக்கு நாற்பது எதற்கு, இருபது போதாதா என்று கேட்டார் என் கணவர். அந்த இருபதும் தொலைந்துபோனால் என்ன செய்வது என்றேன். நாற்பதையும் அவரே எண்ணிப் பைக்குள் வைத்தார். இருபத்திரண்டு வருடமாக என்னோடு குடித்தனம் நடத்துகிறவர்.

நான் அப்படித்தான். வீட்டைப் பூட்டிவிட்டு லிஃப்ட் வரை போய்த் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பேன். பார்த்த பிறகும் இன்னொரு தடவை. இதை எடுத்த எடுப்பிலேயே சொல்லக் காரணம் உண்டு. ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நான் போக நேர்ந்ததே இந்தக் குணத்தால்தான்.

எங்களுடையது ஒன்பது பேர் வேலை செய்யும் சின்ன சாஃப்ட்வேர் கம்பெனி. கைப்பேசியிலிருந்தே தண்ணீர் மோட்டாரைப் போடவும் நிறுத்தவும் ஓர் ஆப் செய்து விற்கிறோம். மோட்டார் பக்கத்தில் சிம் கார்டு வைத்த ஒரு பெட்டியை மாட்டிவிட்டால், வீட்டில் இருந்தபடியே பொத்தானை அழுத்தலாம். கேமரன் மலைக் காய்கறித் தோட்டக்காரர்களுக்காகச் செய்தது. ராஜபாளையத்தில் மோட்டார் கடை வைத்திருக்கும் ஒருவர் எண்பது பெட்டிகள் வாங்கி, மேற்கு மலையடிவாரத்து ஊர்களில் மாட்டியிருந்தார். அந்த எண்பது பேருக்கான தமிழ்த் திரைகளை வரைந்தவள் நான். எந்தப் பொத்தான் எங்கே, எம்மாம் பெரிசு, என்ன நிறம், அதில் என்ன சொல் என்பதெல்லாம் என் பொறுப்பு. என் கழுத்தில் தொங்கும் அட்டையில் ‘யூஎக்ஸ் டிசைனர்’ என்று போட்டிருக்கும்.

நான் மூன்றாம் படிவத்தோடு, அதாவது ஒன்பதாம் வகுப்போடு, பள்ளியை விட்டவள். பதினேழு வருடம் பெயர்ப்பலகைக் கடையில் ஸ்டிக்கர் எழுத்து வெட்டினேன். இந்தக் கம்பெனிக்குப் பலகை மாட்டப் போன அன்று, அவர்களுடைய திரையில் தமிழ் எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்ததைப் பார்த்துவிட்டுச் சும்மா வர முடியவில்லை. சொன்னேன். மறுவாரம் வேலைக்குக் கூப்பிட்டார்கள். மற்ற எட்டுப் பேரும் பட்டதாரிகள். கூட்டத்தில் யாராவது என் பெயரைச் சொன்னாலே எனக்கு உள்ளங்கை வேர்க்கும்.

விஷயம் இதுதான். எந்த மோட்டார் எப்போது ஓடியது, எப்போது நின்றது என்பது எங்கள் கணினியில் பதிவாகும். அந்த எண்பது மோட்டார்களில் பெரும்பாலானவை ஒரே மாதிரி நடந்துகொண்டன. போட்டதும் நிறுத்துகிறார்கள். ஒரு நிமிடம் கழித்து மறுபடி போடுகிறார்கள். தினமும் இப்படித்தான். “பயனருக்குக் குழப்பம்” என்றார் எங்கள் புரோகிராமர் லிம். எனக்கு அது குழப்பமாகத் தெரியவில்லை. என்னைப் போலவே இவர்களும் பூட்டை இழுத்துப் பார்க்கிறார்கள் என்று நினைத்தேன். மோட்டார் ஓடுகிறதா இல்லையா என்று பாவம், பயப்படுகிறார்கள்!

அதனால் ஒரு மாற்றம் செய்தேன். மோட்டாரைப் போட்டதும் பொத்தான் சாம்பல் நிறமாகிவிடும். இரண்டு நிமிடத்துக்கு அதை அழுத்த முடியாது. கீழே, ‘கவலை வேண்டாம், மோட்டார் ஓடுகிறது’ என்று வரும். அலுவலகத்தில் எல்லோரும் கை தட்டினார்கள். என் வேலையை நினைத்து நானே மார்தட்டிக்கொண்ட முதல் பொத்தான் அது.

மூன்று வாரத்தில் எண்பது பேரும் ஆப்பைத் தொடுவதையே நிறுத்திவிட்டார்கள். பெட்டிகளை எல்லாம் திருப்பி அனுப்பப்போவதாக ராஜபாளையத்துக்காரர் எழுதினார். அவை திரும்பி வந்தால் தமிழ்த் திரையை மூடிவிடலாம் என்றார் முதலாளி. தமிழ்த் திரை இல்லையென்றால் அங்கே எனக்கு வேலை இல்லை. “போய், அவர்கள் அழுத்துவதைக் கண்ணால் பார்த்துவிட்டு வா” என்று ஆறு நாள் கொடுத்தார்.

முதல் நாள் ராஜபாளையம். எங்கள் ஊரில் மழை நனைக்காத மதியம் குறைவு. இங்கே வெயில் நெற்றிப்பொட்டில் உட்கார்ந்துகொண்டது. மேற்கே மட்டும் மலை நீலமாக நின்றது, ஈப்போவின் சுண்ணாம்புக் குன்றுகளை யாரோ இழுத்து நீட்டிவிட்டதுபோல. லாட்ஜில் நான்கு பக்கப் படிவம் கொடுத்தார்கள். ‘தொழில்’ என்ற இடத்தில் பேனா நின்றது. யோசித்துவிட்டு ‘அலுவலக வேலை’ என்று எழுதினேன்.

கடைக்காரர் பெயர் சுப்பராஜு. ஐம்பத்தைந்து வயது இருக்கும், மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. என்னை உட்காரவைத்துவிட்டு வீட்டுக்குப் போன் போட்டுத் தெலுங்கில் பேசினார். எனக்குத் தெலுங்கு தெரியும் என்று அவர் எப்படி நினைப்பார்? சின்ன வயதில் எங்கள் பக்கத்து வீடு பாகான் டத்தோவிலிருந்து வந்த தெலுங்குக் குடும்பம். அவர் சொன்னது இது: “கம்பெனியில ஒரு பொம்பளைய அனுப்பியிருக்காங்க. கோழிக்குஞ்சு மாதிரி முழிக்குது. இது வந்து என்னத்தச் சரிபண்ணப் போகுதோ. ரெண்டு பேருக்குச் சேர்த்து உலை வை, பாவம்.”

பாவம் என்றதால் மன்னித்தேன். வீட்டுக்குக் கூட்டிப்போய்ச் சாப்பாடு போட்டதால் முழுசாகவே மன்னித்தேன். புளிச்சகீரைத் துவையலும் நெய்யும், பிறகு சப்பட்டை மாம்பழம். பெயருக்கேற்றபடி தட்டையாக இருந்தது. நறுக்கினால் நார் இல்லை. வெளியே வெட்டிய பழத்தைத் தொடாதே என்று அக்காள் படித்துப் படித்துச் சொல்லி அனுப்பியிருந்தாள். மூன்று துண்டு தின்ற பிறகுதான் அது ஞாபகம் வந்தது. மேசைக்கு அடியில் வைத்து ஒரு கரி மாத்திரையைப் பிரித்தேன். அந்த வீட்டு நாய் வந்து அதை மோந்து பார்த்துவிட்டுப் போனது. பால் வெள்ளை உடம்பு, இளஞ்சிவப்பு மூக்கு. நாட்டு ராஜா மாதிரி நடந்தது.

“என்ன குறைன்னு அவங்க சொன்னாங்களா, அண்ணே?” என்று கேட்டேன்.

“சொல்லமாட்டாங்க, மேடம். பிடிக்கலன்னா வாயத் தொறக்கவே மாட்டாங்க. பேசாமக் கழட்டி வச்சிருவாங்க. நீங்களே போயி உக்காந்தாத்தான் தெரியும்.”

இரண்டாம் நாள் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பஸ் ஏறினேன். நடத்துநர் ஒரு சீட்டைக் கிழித்துக் கையில் திணித்தார். பணத்தை நீட்டினால் வாங்கவில்லை.

“லேடீஸுக்குக் காசு கிடையாதும்மா, ஃப்ரீ.”

சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அது இந்த ஊர்ப் பெண்களுக்கான சலுகை. நானோ வெளிநாட்டுக்காரி. வழியில் சோதித்தால்? பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொண்டால்? இரண்டு நிறுத்தம் வரை பொறுத்தேன். பிறகு எழுந்து போய்ப் பாஸ்போர்ட்டை விரித்துக் காட்டி, “ஐயா, நான் மலேசியா. எனக்கு இது செல்லாதுங்களே” என்றேன்.

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. நடத்துநர் பாஸ்போர்ட்டை வாங்கி என் படத்தையும் முகத்தையும் மாறிமாறிப் பார்த்தார்.

“பொம்பளன்னுதான போட்டிருக்கு? போயி உக்காரும்மா.”

பின்சீட்டில் பூக்கூடை வைத்திருந்த பெண் சிரித்த சிரிப்பில் கூடையிலிருந்து ரெண்டு முழம் சரிந்து விழுந்தது. “யக்கா, எங்க ஊருல ஓசியில ஏறுனவன எறக்கிவிட்டுத்தான் பாத்திருக்கோம். காசு குடுக்கேன்னு சண்டை போட்டவள இன்னைக்குத்தான் பாக்கோம்” என்று இடம் போட்டுக் கொடுத்தாள். அந்தக் கலவரத்தில் நான் இறங்க வேண்டிய நிறுத்தமும் போய்விட்டது.

திரும்பி நடந்தபோது தெருவெங்கும் பால் சுண்டும் வாசனை. ஒரு பால்கோவாக் கடை வாசலில், சுடச்சுட ஒரு கரண்டியை இலைத்துண்டில் வைத்துக் கொடுத்தார்கள். எங்கள் ஊரில் தீபாவளிக்குப் பெட்டியில் வரும் பால்கோவா சாக்பீஸ் மாதிரி இருக்கும். இது ஓரத்தில் லேசாகக் கருகி, நாக்கில் மணல் மணலாக உடைந்தது. இதற்கு மாத்திரை போடவில்லை. போட்டால் ருசி போய்விடும்.

அன்று செண்பகத்தோப்புக்குப் போகும் சாலையில் நான்கு தோட்டங்களுக்குப் போனேன். எல்லோரும் நாற்காலி போட்டார்கள், இளநீர் வெட்டினார்கள். ஆப் எப்படி இருக்கிறது என்று கேட்டால், “நல்லாருக்கே!” என்றார்கள். எங்கே, கொஞ்சம் போட்டுக் காட்டுங்கள் என்றால், “இப்பம் கரண்டு இல்லியே” என்றார்கள். ஒருவர் போனையே வீட்டில் வைத்துவிட்டு வந்ததாகச் சொன்னார். அது அவருடைய சட்டைப்பையில் மணியடித்தது. அவரும் சிரித்தார், நானும் சிரித்தேன். விருந்தாளியின் முகத்துக்கு நேரே குறை சொல்ல ஒருவருக்கும் மனசு வரவில்லை. என் கேள்வித்தாளில் நான்கு ‘நல்லாருக்கு’ சேர்ந்தன. ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை.

மூன்றாம் நாள் வத்திராயிருப்பு தாண்டிக் கான்சாபுரம். சுப்பராஜு ஏற்பாடு செய்த ஆட்டோ, ஊருக்கு ஒரு கிலோமீட்டர் இருக்கும்போது கிளட்ச் வயர் அறுந்து நின்றது. “செத்த நேரம் பொறுங்க, கட்டிருவேன்” என்றார் ஓட்டுநர். செத்த நேரம் என்பது எத்தனை நிமிடம் என்று கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். நடக்க ஆரம்பித்தேன். முந்தின நாள் தண்ணீர் பாய்ச்சிய வயல். வரப்பிலிருந்து வழுக்கி முழங்கால் வரை சேற்றில் இறங்கிவிட்டேன். ஒரு செருப்பு உள்ளேயே தங்கிவிட்டது.

“ஏக்கா, வீடியோ எடுக்கவா வந்திய? எல்லாரும் பக்கத்துல கூமாப்பட்டியிலதான் எடுப்பாக. வழி மாறி வந்துட்டியளா?”

தென்னைகளுக்கு நடுவிலிருந்து ஒரு பெண் கேட்டாள். கையில் மண்வெட்டி, சேலைக்கு மேலே ஆண் சட்டை. சுப்பராஜு பார்க்கச் சொல்லியிருந்தவள் அவள்தான். பேச்சியம்மாள். அவளும், பட்டாளத்திலிருந்து ஓய்வுபெற்று வந்த அவள் கணவர் வெள்ளைச்சாமியும் மூன்று ஏக்கர் வைத்திருந்தார்கள். சேற்றுக்குள் கையை விட்டு ஒரே இழுப்பில் என் செருப்பை எடுத்துக் கொடுத்தாள். நான் யார், எதற்கு வந்தேன் என்று சொன்னேன்.

“மலேசியாவா? அம்புட்டுத் தூரத்துல இருந்து இந்தப் பொட்டிக்காகவா வந்திய! வாங்க, மொதல்ல காலக் கழுவுங்க.”

தென்னந்தோப்புக்கு அந்தப் பக்கம் ஒரு சிமெண்டுத் தொட்டி. கிணறும் மோட்டார் அறையும் நூறு அடி தள்ளி, மரங்கள் மறைத்துக்கொண்டு நின்றன. கிணற்றிலிருந்து வரும் தடித்த குழாய் தொட்டியின் தலைமாட்டில் வாயைத் திறந்துகொண்டிருந்தது. தொட்டியில் இடுப்பளவு தண்ணீர். பேச்சியம்மாள் அதற்குள் இறங்கித் துணி அலச ஆரம்பித்தாள். நானும் இறங்கினேன். சரியாகக் குழாய்க்கு நேர் கீழே நின்று கால் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

திடீரென்று குழாய் இருமியது. நெஞ்சுக்கூட்டுக்குள்ளிருந்து வருவதுபோல ஒரு சத்தம். ஒரு வாளித் தண்ணீரை என் தோளில் துப்பிவிட்டு நின்றுவிட்டது. நான் போட்ட கூச்சலில் தென்னையிலிருந்த அணில் ஓடியது.

பேச்சியம்மாள் துணியைக்கூடக் கீழே வைக்கவில்லை. மரங்களுக்கு அந்தப் பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தாள். “ஏங்க! ஆளு இருக்கோம், பொறுங்க!”

அங்கிருந்து ஆண்குரல் வந்தது. “எம்புட்டுப் பேரு?”

“ரெண்டு பேரு! மலேசியாக்காரக்காவும் நிக்காக!”

“ஏட்டி, விருந்தாளியவா தொட்டிக்குள்ள நிப்பாட்டி வச்சிருக்க! ஏத்திவிடு, ஏத்திவிடு!”

நாங்கள் ஏறினோம். “ம், விடுங்க!” என்று அவள் கத்தினாள். அடுத்த நொடி குழாயிலிருந்து தண்ணீர் வந்து விழுந்த வேகத்தைப் பார்த்தேன். நான் நின்ற இடத்தில் தொட்டியின் தண்ணீர் குழிந்து சுழன்றது. கல்லில் வைத்திருந்த சோப்புப்பெட்டி எகிறித் தோப்புக்குள் போய் விழுந்தது.

“இது என்ன, முதல்ல ஒரு தடவை போட்டு நிறுத்தினார்?” சேலைத் தலைப்பைப் பிழிந்துகொண்டே கேட்டேன்.

“சத்தங்காட்டுனாக. மோட்டார் ரூமுல இருந்து தொட்டி தெரியாதுல்லா? யாரும் குளிச்சிக்கிட்டு இருப்பாக, பாத்திரம் கழுவிக்கிட்டு இருப்பாக. ஒரு தடவ போட்டு நிறுத்துனா, உள்ள இருக்கவுக வெளிய வந்துருவாக. ஒரு நிமிசம் கழிச்சுப் பொறவு போடுவோம். இந்தப் பக்கம் கூமாப்பட்டி வரைக்கும் எல்லாரும் அப்படித்தான். சத்தங்காட்டாமப் போட்டான்னா ஊருக்குள்ள அவனுக்கு நல்ல பேரு கிடையாது.”

போட்டு, நிறுத்தி, ஒரு நிமிடம் கழித்து மறுபடியும். எட்டு மாதமாகக் கணினியில் நாங்கள் பார்த்துக்கொண்டிருந்த அதே வரிசை. குழப்பம் என்று லிம் சொன்னது. பயம் என்று நான் சொன்னது. தொட்டிக்குள் நிற்கும் முகம் தெரியாத ஆளுக்காக எண்பது பேர் தினமும் காட்டிய மரியாதை அது.

அதற்குள் வெள்ளைச்சாமி வந்துவிட்டார். மீசை இரண்டு பக்கமும் சமமாக இருந்தது. “ஆப்பு நல்லாத்தான் இருந்துச்சு, மேடம்” என்று தயங்கித் தயங்கி ஆரம்பித்தவரை, “நான் தொட்டிக்குள்ள நின்னவ, அண்ணே. எனக்கு உண்மையச் சொல்லுங்க” என்றேன். மடை திறந்தது.

“முன்ன அதுலயே சத்தங்காட்டுவோம். வீட்டுல இருந்து போட்டு, ஒடனே நிறுத்தி, ஒரு வெத்தல போடுத நேரம் பாத்துட்டுப் பொறவு போடுவோம். இப்பம் என்னன்னா, போட்டவொடன பொத்தான் செத்துப்போயிருது. சாம்பலாயிருது. நிறுத்த விடமாட்டேங்குது, ரெண்டு நிமிசம் தண்ணி தள்ளுது. அதுல எழுத்து வேற: கவலை வேண்டாமாம்! எனக்கு என்ன கவல? தொட்டிக்குள்ள இருக்கவன்ல கவலப்படணும்!”

பேச்சியம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். “எந்தக் கூறுகெட்டவன் அந்தப் பொத்தான வச்சானோன்னு இவுக ஏசாத நாளு கிடையாதுக்கா.”

“மறுநாளே சுத்துப்பட்டு ஊருக்கெல்லாம் சொல்லிட்டேன்,” என்றார் வெள்ளைச்சாமி. “எவனும் போனுல போடாதிய, நடந்து போயிப் போடுங்கன்னு. ஆளுக்கு ஒண்ணு ஆயிருச்சுன்னா யாரு பதில் சொல்லுவா?”

அந்த மூன்று வாரமும் யாருக்கும் அடிபடாமல் இருந்தது என் கெட்டிக்காரத்தனத்தால் அல்ல. இந்த மனிதர் நடந்து போய்ப் போடச் சொன்னதால். ஒன்றும் சொல்லாமல் கிளம்பியிருக்கலாம். ‘காரணம் கண்டுபிடிக்கப்பட்டது’ என்று அறிக்கையில் எழுதினால் போதும்.

“அந்தக் கூறுகெட்டவ நான்தான், அண்ணே. அந்தப் பொத்தானை வரைஞ்சது நான்.”

வெள்ளைச்சாமி மீசையைத் தடவினார். “இன்ஜினியர் எவனோன்னுல்ல நெனச்சேன்” என்றார். பிறகு, “நல்லதாப் போச்சு. வச்ச ஆளே வந்திருக்கிய. மாத்திக் குடுத்துட்டுப் போங்க” என்றார். அவ்வளவுதான். என் வாழ்க்கையில் நான் செய்த தப்புக்கு யாரும் இத்தனை சுருக்கமாகத் திட்டி முடித்ததில்லை.

சாயங்காலம் சுப்பராஜுவின் கடையிலிருந்து லிம்முடன் போனில் பேசினேன். கேட்டுவிட்டு, மோட்டாரை அப்படி வெட்டி வெட்டிப் போட்டால் உள்ளே இருக்கும் கம்பிச்சுருள் சூடாகிவிடும், மாற்ற முடியாது என்றார். “ஆறு பேர் உட்கார்ந்து பார்த்த பதிவு அது, கலா. அது குழப்பம்தான்.”

வழக்கமாக இந்த இடத்தில் நான் சரி என்று சொல்லிவிடுவேன். அன்று சொல்லவில்லை. “ஆறு பேர் பார்த்தீங்க. நானும் பார்த்தேன். நாம யாரும் தொட்டிக்குள்ள நின்னு பார்க்கலை, லிம். இன்னைக்கு நான் நின்னேன்.”

பக்கத்தில் நின்ற சுப்பராஜு போனை வாங்கி, ஆங்கிலத்தில் பொரிந்து தள்ளினார். முப்பது வருடமாக மோட்டார் விற்கிறேன், ஒரே ஒரு தட்டுத் தட்டி ஒரு நிமிடம் ஓய்வு கொடுத்தால் எந்தச் சுருளும் சூடாகாது, மூன்று தடவை தட்டினால்தான் ஆகும், அதை வேண்டுமானால் தடுத்துக்கொள்ளுங்கள் என்றார். லிம் நல்லவர். கணக்குச் சரியாக இருந்தால் இறங்கி வருவார். “வரைந்து அனுப்பு” என்றார்.

நான்காம் நாள் ஒரு கட்டு வெள்ளைத்தாளும் கலர்ப் பென்சிலும் வாங்கிக்கொண்டு மறுபடி கான்சாபுரம். ஆட்டோக்காரர் புது வயர் போட்டிருந்தார். அதை எனக்குக் காட்டிவிட்டுத்தான் கிளப்பினார். தொட்டியோரம் உட்கார்ந்து, போன் அளவுக்குத் தாளை வெட்டித் திரைகள் வரைந்தேன். பேச்சியம்மாளும் பக்கத்துத் தோட்டத்துப் பெண்கள் நான்கு பேரும் சுற்றி உட்கார்ந்தார்கள். தாளைப் போனாக நினைத்துக்கொண்டு அழுத்திக் காட்டச் சொன்னேன். அப்போதுதான் பார்த்தேன், அவள் தன் போனைப் பால்கோவா வாங்கி வந்த பிளாஸ்டிக் கவருக்குள் போட்டு முடிந்து வைத்திருந்தாள். ஈரக்கை, கவர், அதற்கு மேலே கட்டைவிரல். குளிர்சாதன அறையில் சுட்டுவிரலுக்கு நான் வரைந்த பொத்தான் அங்கே எப்படி அகப்படும்? பொத்தானை இரண்டு மடங்காக்கினேன்.

முதலில் அதற்கு ‘எச்சரிக்கை ஒலி’ என்று பெயர் எழுதினேன்.

“இது என்னக்கா, போலீஸ் டேசன் போர்டு மாதிரி இருக்கு” என்றாள் ஒருத்தி.

‘முன்னறிவிப்பு’ என்று மாற்றினேன்.

“ரயிலா வருது?”

“சத்தங்காட்டுதத சத்தங்காட்டுன்னே எழுதிப்போட்டா பென்சில் தேஞ்சிருமாக்கா?” என்றாள் பேச்சியம்மாள்.

எழுதினேன். ‘சத்தங்காட்டு’. பச்சைப் பொத்தானுக்கு மேலே, மஞ்சளில். தண்ணீரைத் துப்பும் குழாய்ப் படம் ஒன்றையும் வரைந்தேன். அதைப் பார்த்து, குழாய்க்கு மீசை வைத்தால் தன் வீட்டுக்காரர் மாதிரியே இருக்கும் என்றாள். அழுத்தினால் மோட்டார் ஒரு நொடி ஓடி நிற்கும். அறுபதிலிருந்து எண்கள் இறங்கும். முடிந்த பிறகே பச்சைப் பொத்தானுக்கு உயிர் வரும். ‘கவலை வேண்டாம்’ இருந்த இடத்தில், ‘ஒரு நிமிடம் பொறுங்கள், ஆள் வெளியே வரட்டும்’ என்று எழுதினேன். கவலைப்பட வேண்டிய இடத்தில் கவலைப்படத்தான் வேண்டும். அதில் எனக்கு நல்ல அனுபவம் உண்டு.

மத்தியானம் அவர்கள் கொண்டுவந்திருந்த கம்மஞ்சோற்றில் மோர் ஊற்றி, சுட்ட கருவாட்டோடு கொடுத்தார்கள். வரப்பில் உட்கார்ந்து அலுமினியத் தட்டில் தின்றேன். எந்தத் தண்ணீர், எந்த மோர் என்று ஒன்றையும் கேட்கவில்லை. ராத்திரி படுக்கும்போதுதான் அது நினைவுக்கு வந்தது. வயிறு அதுபாட்டுக்குத் தூங்கிக்கொண்டிருந்தது.

ஐந்தாம் நாள் முழுக்கக் காத்திருந்தேன். சாயங்காலம் லிம் சோதனைப் பதிப்பை அனுப்பினார், ஒரு வரியோடு: ‘பழைய பதிவுகளை எடுத்துப் பார்த்தேன். இடைவெளி எல்லாமே ஒரு நிமிடத்தை ஒட்டித்தான் இருக்கிறது. குழம்பியவர்கள் இத்தனை ஒழுங்காக இருக்கமாட்டார்கள். நீ சொன்னதுதான் சரி.’ அந்த வரியை எத்தனை தடவை படித்தேன் என்று சொல்லப்போவதில்லை. பூட்டை இழுத்துப் பார்ப்பதை விட அதிகம்.

அதைச் சுப்பராஜுவிடம் காட்டினேன். அவர் வீட்டுக்குப் போன் போட்டு, தெலுங்கில், “அந்தக் கோழிக்குஞ்சு லேசுப்பட்டது இல்ல. மலேசியாக்காரன தலையாட்ட வச்சிருச்சு” என்றார். நான் தெலுங்கிலேயே நன்றி சொன்னேன். கையிலிருந்த போனில் அவர் வீட்டம்மா ஹலோ ஹலோ என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். மனுஷர் என் கண்ணைப் பார்க்காமல் மாம்பழம் நறுக்கிக் கொடுத்தார். அன்றைக்கு இரண்டு பழம்.

ஆறாம் நாள், ஊர் திரும்ப வேண்டிய நாள். விடிந்ததும் சுப்பராஜுவும் நானும் கான்சாபுரத்துக்குப் போனோம். பேச்சியம்மாளின் போனில் புதிய பதிப்பு ஏறியிருந்தது. பக்கத்துத் தோட்டத்து ஆட்கள் பத்துப் பன்னிரண்டு பேர் தோப்பில் நின்றார்கள். சிலர் பெட்டியைக் கழற்றிக் கையிலேயே கொண்டுவந்திருந்தார்கள். சரியாக இருந்தால் மாட்டுவது, இல்லையென்றால் அப்படியே சுப்பராஜுவிடம் கொடுத்துவிடுவது என்று முடிவோடு வந்தவர்கள்.

“தொட்டிக்குள்ள யாரு?” என்றார் ஒருவர்.

“நான்தான்,” என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெள்ளைச்சாமி மரங்களுக்கு அந்தப் பக்கம் போனார். “எல்லைல நின்னவனுக்குத் தொட்டில நிக்கப் பயமா?”

பேச்சியம்மாள் கவருக்குள் இருந்த போனை என் கையில் வைத்தாள். “நீங்க போடுங்க.”

“ஐயோ, நான் மாட்டேன். அவர் உள்ளே நிக்கிறார்.”

“அதுக்குத்தான் சொல்லுதேன். நீங்கதான் போடணும்.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். உள்ளங்கை வேர்த்தது. லிம்மின் வரியை நினைத்துக்கொண்டேன். அது உதவவில்லை. மஞ்சள் பொத்தானின் மேல் கட்டைவிரலை வைத்து அழுத்தினேன்.

கிணற்றுப் பக்கம் மோட்டார் ஒரு உறுமு உறுமி நின்றது. தோப்புக்கு அப்பால் குழாய் இருமியது கேட்டது. அறுபது, ஐம்பத்தொன்பது என்று எண்கள் இறங்க ஆரம்பித்தன.

“இருக்கேன்! பொறுங்க!” என்று குரல் வந்தது.

நாற்பது. யார் கையிலோ இருந்த பெட்டியின் வயர் தரையில் உரசிக்கொண்டிருந்தது. இருபத்தைந்து. வாழ்நாளெல்லாம் வீணாகப் பட்ட கவலைகளை எல்லாம் ஒன்றாகச் சேர்த்து, அந்த ஒரு நிமிடத்துக்குள் ஒருவருக்காகப் பட்டேன். பத்து. மூன்று. பச்சைப் பொத்தானுக்கு உயிர் வந்தது. நான் அழுத்தவில்லை.

“என்னக்கா, பச்சையாயிருச்சுல்லா?”

“அவர் குரல் வரட்டும்.”

“ம், விடுங்க!” என்று வந்தது. அழுத்தினேன்.

தண்ணீர் விழும் சத்தத்தோடு, சொட்டச்சொட்ட மரங்களுக்கு நடுவிலிருந்து வந்தார் வெள்ளைச்சாமி. மீசை ஒரு பக்கம் தொங்கியிருந்தது. “ஏலே, போயிப் பொட்டிய மாட்டுங்கலே,” என்றார் அங்கே நின்றவர்களைப் பார்த்து. “எங்க ஆளு செஞ்ச பொத்தான்.”

விமான நிலையத்தில் என் பையைத் திறந்து பார்த்த அதிகாரி, கறுப்பு மாத்திரை அட்டைகளைக் கையில் எடுத்து இது என்ன என்று கேட்டார். சொன்னேன். எண்ணிப் பார்த்தார். முப்பத்தொன்பது இருந்தன. எங்கே வேலை செய்கிறீர்கள், என்ன வேலை என்று கேட்டார்.

“டிசைனர்,” என்றேன்.